பத்தேகால் மணி மாத்திரை

மங்கிப்போன பச்சைச் சுவரில், கட்டிலுக்கு நேர் எதிரே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று புதுப்பச்சையாக இருந்தது. வட்டத்துக்குச் சற்று மேலே ஒரு ஆணி. மேடம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த டிரைவர் யாரையுமே பார்க்கவில்லை.

இந்த வீட்டுக்கு எங்களை வரவழைத்தது டிரைவரின் மனைவி. நேற்று சாயங்காலம் எங்கள் ஆபீசுக்கு வந்தவர், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். இருபத்தாறு வருஷத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்த பஸ் திருப்பத்தில் திரும்பாமல் நேராக நடைபாதை மேல் ஏறி, ஒரு பேப்பர் கடையை இடித்துத் தள்ளி, கடைக்காரரின் காலையும் ஒடித்துவிட்டு நின்றது. உள்ளே இருந்த ஏழு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. இடித்த பிறகும் டிரைவர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏழு மாதமாகத் தூக்கம் வராத மனிதர் அவர். மூன்று வாரமாக டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை சாப்பிடுகிறார். திங்கள் இரவு பத்தேகாலுக்கு ஒரே ஒரு மாத்திரை போட்டேன் என்று சத்தியம் செய்கிறார். ரத்தத்தைச் சோதித்தவர்களோ, பத்தேகாலுக்குப் போட்ட மாத்திரை என்றால் காலையில் இவ்வளவு மிச்சம் இருக்காது என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அட்டையில் அன்று குறைந்திருப்பதும் ஒன்றுதான். அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது? காலையில் வண்டி எடுக்கும் முன்னால் குடித்த டீயிலிருந்து வந்தது என்கிறார் டிரைவர். அந்த டீயை பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தவர் கண்டக்டர். பிளாஸ்கை அப்போதே கழுவியும் வைத்துவிட்டார். அந்தக் கண்டக்டர் வேறு யாருமில்லை, இந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

"ஒண்ணு என் வீட்டுக்காரர் பொய் சொல்றார். இல்லன்னா என் தம்பி டீயில மாத்திரை கலந்தவன்" என்றார் அந்த அம்மா. "வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு டிப்போவுல விசாரணை. இவர் அங்க போய் அவன் பேரைச் சொல்லப் போறார். எது நிஜம்னு ஆனாலும் என் குடும்பம் ரெண்டாயிடும் மேடம்."

"மூணாவதா ஒண்ணு இருக்கலாம்" என்றார் மேடம்.

என்ன அது என்று அந்த அம்மா கேட்டதற்கு, தெரியாது, அதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் மேடத்தின் தைரியமூட்டும் லட்சணம் இவ்வளவுதான். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரித்தவர். கேட்ட கேள்வியையே வேறு பக்கத்திலிருந்து திரும்பக் கேட்டு ஆளைக் களைத்துவிடுவார். நான் அவருக்கு உதவியாளன். அதற்கு முன் ஆறு வருஷம் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் நின்றவன். வாய் ஓயவில்லை என்று அங்கே வெளியே அனுப்பினார்கள். வாய் ஓயாது என்பதாலேயே மேடம் சேர்த்துக்கொண்டார். நான் பேசினால் எதிராளி பேசுவான், எதிராளி பேசும்போது அவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். எல்லோருக்கும் நான் ரேடியோ.

இன்று வியாழன், மணி மூன்று. விசாரணைக்குப் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

டிரைவர் ஆஜானுபாகுவான ஆள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. விபத்துக்குப் பிறகு மாத்திரையைக் கண்ணில் காட்டாதே என்று மனைவியிடம் கத்திவிட்டாராம். இரண்டு ராத்திரியாகக் கண் மூடவில்லை. மூன்று வாரம் சாப்பிட்டதைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும், நிறுத்துவதானாலும் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள் என்று என் பழைய தொழில் புத்தியில் சொல்லி வைத்தேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எனக்கு இப்போ தூக்கம் பிரச்சினை இல்ல தம்பி. மூணு வாரம் முன்னாடி, அத்தான் வண்டி ஓட்டும்போது கொட்டாவி விடறார்னு டிப்போ மேனேஜர்கிட்டப் போய்ச் சொன்னவன் அவன். அதுக்கப்புறந்தான் நான் டாக்டர்கிட்டயே போனேன். என்னை ஸ்டியரிங்லேர்ந்து இறக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டான்."

மச்சினன் மேல் இவ்வளவு நாள் பாசம் வைத்திருந்ததால் கோபமும் அந்த அளவுக்கு இருந்தது. இவர் நாளைக்கு அந்தப் பெயரைச் சொல்லப் போவது உறுதி என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மா அதற்கு மேல் கேட்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

மேடம் சுவரில் கதவோரம் ஒட்டியிருந்த டாக்டர் சீட்டுக்கு நகர்ந்தார். கசங்காமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள். எழுத்து படிக்கும்படியாக இருந்ததால், இவர் நிஜமான டாக்டர்தானா என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

சீட்டில் இருந்தவை நியாயமான விதிகள்தான். ஒன்பதரைக்குப் படுத்துவிட வேண்டும். முதலில் மாத்திரை இல்லாமல் தூங்கப் பார்க்க வேண்டும். பத்தேகால் வரைக்கும் வரவில்லை என்றால் மட்டும் ஒன்று. பத்தேகாலைத் தாண்டிவிட்டால் விடிய விடிய விழித்துக் கிடந்தாலும் தொடக் கூடாது, ஏனென்றால் மாத்திரைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் எட்டு மணி நேரம் முழுசாக இருந்தாக வேண்டும், ஆறேகாலுக்கு முன்னால் வண்டியைத் தொடக் கூடாது. இரண்டாவது மாத்திரை எக்காரணத்தைக் கொண்டும் கிடையாது. குடி கூடாது. சளிக்கும் இருமலுக்கும் எதையாவது வாங்கிச் சாப்பிடும் முன் கேட்க வேண்டும். நாலு வாரம் முடிவதற்குள் திரும்ப வந்து காட்ட வேண்டும். கடைசியாக, மணி பார்த்துப் பார்த்துத்தான் பாதித் தூக்கம் போகிறது, அதனால் அறையில் கடிகாரமும் கைபேசியும் இருக்கவே கூடாது என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்த வீட்டில் சீட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் கூடத்துக்குப் போய்விட்டது. கைபேசி அடுக்களை அலமாரியில் தூங்கியது. ஜன்னலுக்குத் தடித்த திரை. மாத்திரை அட்டை பீரோவில் பூட்டிக் கிடந்தது. தினமும் அந்த அம்மா ஒரே ஒரு மாத்திரையை எடுத்து, ஒரு சின்ன மூடியில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்வார். அரைத்தூக்கத்தில் எழுந்து, போட்டதை மறந்து இன்னொன்று போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு என்று டாக்டர் சொன்னதால் இந்த ஏற்பாடு. காலையில் மாத்திரை மீந்திருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார். மூன்று வாரத்தில் ஒருநாளும் மீந்ததில்லை. தூக்கம் வரவில்லை என்று அழுத பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட ஒன்று கொடுக்காதவர் அவர், உங்களுக்கானதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

சளி இருந்ததா, இருமல் மருந்து ஏதாவது, ஒரு மடக்கு ஏதாவது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை. திங்கள் ராத்திரி வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்றேன்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் எப்பவும்போலத்தான்." டிரைவருக்குச் சலிப்பு வந்துவிட்டது. "தண்ணி மட்டும் அரை டம்ளர்தான் வச்சிருந்தா. மாத்திரை தொண்டையிலயே நின்ன மாதிரி இருந்துச்சு. இதையெல்லாமா எழுதிப்பீங்க?"

எழுதிக்கொள்ளவில்லை. மேடம் மட்டும் ஒரு தடவை ஸ்டூலைப் பார்த்தார். பிறகு அந்தப் பச்சை வட்டத்துக்குத் திரும்பினார்.

"பத்தேகாலுக்கு மேல போடாதேன்னு ஒரு வரி. கடிகாரத்தை வைக்காதேன்னு இன்னொரு வரி. ரெண்டையும் நீங்க ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. அதான் எனக்குப் புரியல. கடிகாரமே இல்லாத இருட்டு அறையில, மணி பத்தேகால்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூச்சு எப்படி விடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டதைப்போல அவர் மேடத்தைப் பார்த்தார்.

"கேட்டு சத்தம் கேக்கும்ல."

மாடியில் குடியிருக்கும் பெண் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பத்து மணிக்கு வேலை முடிந்து ஆஸ்பத்திரி வேனில் வந்து இறங்கி, வாசல் கேட்டைத் திறக்கும்போது பத்தேகால். கீல் துருப்பிடித்த இரும்பு கேட், திறந்தால் தெருவே பல்லைக் கடிக்கும். சத்தம் காதில் விழும்போது விழித்திருந்தால் மாத்திரையைப் போட வேண்டியது. விழவில்லை என்றால் தூங்கிவிட்டோம் என்று அர்த்தம். வண்டிக்குச் சிக்னல் மாதிரி வைத்திருந்தார். மூன்று வாரமாக ஒருநாளும் தப்பியதில்லை என்று ஒரு பெருமையோடு சொன்னார். எத்தனை மணிக்குப் போட்டாய் என்று கேட்டவர்கள் எல்லோரும் பத்தேகால் என்ற பதிலோடு திருப்தியாகிவிட்டார்கள். அந்தப் பத்தேகாலை எங்கிருந்து எடுத்தாய் என்று அவரை இதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

மேடம் வெளியே நடந்தார். நான் அவருக்கு முன்னால் ஓடிப்போய், காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் கேட்டைத் திறந்தேன்.

சத்தமே இல்லை.

மூடினேன், திறந்தேன், இன்னொரு தடவை மூடினேன். அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தால் இரண்டு கீலிலும் எண்ணெய். கீழே சிமெண்டில் காசு அளவுக்கு இரண்டு கறை.

சாட்சியின் வாயை அடைத்துவிட்டார்கள் என்றேன். கேட் சத்தம்தான் டிரைவருக்குக் கடிகாரம் என்பது தெரிந்த யாரோ, விஷயம் வெளியே வருவதற்குள் எண்ணெய் ஊற்றிவிட்டான். அந்த ரகசியம் தெரிந்தவன், வீட்டுக்கு வந்து போகிறவன், டீ கொடுத்தவன் என்று விரல் விட்டு எண்ணி, கண்டக்டரைக் கிட்டத்தட்ட ஜெயிலுக்கே அனுப்பி வைத்தேன்.

மேடம் விரலால் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். அதன் மேல் இரண்டு நாள் தூசி படிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை போட்டிருக்கிறார்கள் என்றார்.

"நான் சொன்னேன்ல, ஆக்ஸிடெண்ட் நடந்த அன்னைக்கே."

"ரேடியோ, இந்தக் கேட்டு எத்தனை மாசமா கத்திக்கிட்டு இருந்திருக்கும்?"

துருவைப் பார்த்தால் வருஷக்கணக்கில் என்றேன்.

"தினமும் பத்தேகாலுக்குக் கத்தினப்ப யாருக்கும் எண்ணெய் போடணும்னு தோணல. கத்தக் கூடாத நேரத்துல ஒரு தடவை கத்தியிருக்கு. அதான் மறுநாள் எண்ணெய் போட்டிருக்காங்க. இது சாட்சியை மறைச்சவங்க வேலையில்ல. கூச்சப்பட்டவங்க வேலை."

சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினார். கண்டக்டரை நான் மனசுக்குள் ஜாமீனில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

மாடிப் பெண் இன்று விடுப்பு எடுத்திருந்தாள். துவைத்த வெள்ளைக் கோட்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். கொடிக்குக் கீழே, தையல் மெஷினுக்கு ஊற்றும் சின்ன எண்ணெய்க் குப்பி நின்றிருந்தது. மேடம் அதைக் காட்டிக் கேட்டதுமே அவள் முகம் கன்றிவிட்டது.

எட்டு மாதமாக மத்தியானம் இரண்டிலிருந்து பத்து வரை அவளுக்கு வேலை. திங்கள்கிழமை பத்து மணிக்கு இவளை மாற்றிவிட வேண்டியவள் வரவில்லை, அவள் குழந்தைக்குக் காய்ச்சல். வேறு ஆளைத் தேடிப் பிடிக்கும்வரை இவள் இருக்க வேண்டியதாகிவிட்டது. வேன் கொண்டுவந்து விடும்போது தெரு முழுக்க அடங்கிக் கிடந்தது. சத்தம் வராமல் திறக்கலாம் என்று கேட்டை மெதுவாகத் தள்ளியிருக்கிறாள். மெதுவாகத் தள்ளினால் அது இன்னும் நீளமாகக் கத்தியது.

"கீழ அண்ணனுக்குத் தூக்கமே வராதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க. எனக்கு உயிரே போயிடுச்சு. விடிஞ்சதும் முதல் வேலையா கடைக்குப் போய் எண்ணெய் வாங்கிட்டு வந்து போட்டேன். இத்தனை நாள் போடாம விட்டது தப்புதான்." அவள் மேடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன், அன்னைக்கு அண்ணன் முழிச்சுட்டாரா?"

மேடம் அதற்குப் பதில் சொல்லாமல், வந்து சேர்ந்தபோது மணி என்ன என்று கேட்டார். அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு 'வந்துட்டேன்' என்று கைபேசியில் ஒரு வார்த்தை அனுப்பாவிட்டால் அங்கே அம்மா படுக்க மாட்டாள். எடுத்துக் காட்டினாள். வெள்ளி, பத்து பதினேழு. சனி, பத்து பதினாறு. ஞாயிறு, பத்து பதினெட்டு. எட்டு மாதமும் அந்த ஒரே வார்த்தை, அந்த ஒரே நேரம். திங்கள் இரவுக்கு உரியது மட்டும் ஒன்று நாற்பத்து மூன்று.

படியில் இறங்கும்போது நான் கணக்குப் போட்டேன். ஒன்றே முக்காலுக்கு மாத்திரை, ஆறேகாலுக்கு ஸ்டியரிங். நடுவில் நாலரை மணி நேரம், எட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மாத்திரை ஒன்றுதான், அளவும் சரிதான், அட்டையும் சரிதான், நேரம் மட்டும் தப்பு. அந்த மாத்திரையோடு எழுந்து நடக்கலாம், பல் தேய்க்கலாம், மச்சினனோடு சண்டைகூடப் போடலாம், தெளிவாக இருக்கிறோம் என்று சத்தியமும் செய்யலாம். பஸ் ஓட்டத்தான் முடியாது. கேஸ் முடிந்தது மேடம் என்றேன்.

மேடம் கடைசிப் படியில் நின்றுவிட்டார். முகத்தில் சந்தோஷமே இல்லை.

"இருபத்தாறு வருஷமா ஒவ்வொரு ஸ்டாப்பையும் நிமிஷம் பார்த்து ஓட்டினவர். ஒன்பதரைக்குப் படுத்து, ஒண்ணே முக்கால் வரைக்கும் கண்ணைத் திறந்துக்கிட்டே கிடந்திருந்தா, நேரம் இவ்வளவு போயிடுச்சேன்னு அவருக்கு ஒரு தடவைகூடத் தோணியிருக்காதா?"

தூக்கம் வராதவனுக்குப் பத்து நிமிஷமும் நாலு மணி நேரமாகத்தான் தெரியும் என்றேன்.

"தெரியும். ஆனா நாலு மணி நேரம் பத்து நிமிஷமாத் தெரியாது."

அடுக்களையில் அந்த அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்ததையே மறுபடி தேய்க்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது. மேடம் சுற்றி வளைக்கவில்லை. திங்கள் இரவு ஸ்டூலில் ஏன் அரை டம்ளர் தண்ணீர் வைத்தீர்கள் என்று கேட்டார்.

அரை டம்ளரா, முழு டம்ளர்தான் வைத்தேன் என்றார் அவர். பிறகு கை நின்றது. நினைவு வந்துவிட்டது. அன்று தன் அக்காவோடு கைபேசியில் பேசி முடிக்கவே பதினோரு மணி ஆகிவிட்டதாம். போர்வை எடுக்க இருட்டில் அந்த அறைக்குள் போனபோது கால் ஸ்டூலில் இடித்து டம்ளர் சாய்ந்தது. பிடித்துவிட்டார், ஆனாலும் பாதி கொட்டிவிட்டது. துண்டால் தரையைத் துடைத்தார். மறுபடி நிரப்பப் போனால் சத்தத்தில் எழுந்துவிடுவார் என்று அப்படியே விட்டுவிட்டார்.

"அவர் எழுந்திருக்கலையா?"

"எங்க? நல்ல குறட்டை. மாத்திரை வேலை செய்யுதுன்னு நெனச்சேன். மனசு குளுந்து போச்சு மேடம். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"மாத்திரை போட்டா எவ்வளவு தண்ணி குடிப்பார்?"

"முழு டம்ளரும் குடிப்பார். ஒரு சொட்டு வைக்க மாட்டார், மாத்திரை கரையணும்னு."

"அப்போ, பதினோரு மணிக்கு நீங்க இடிச்சப்ப டம்ளர்ல தண்ணி இருந்துச்சே. எப்படி?"

குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மா ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது, எனக்கும் அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது.

டிரைவரிடம் மேடம்தான் சொன்னார். கட்டிலுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்டிலிருந்து ஆரம்பித்தார். மாடிப் பெண் வந்த நேரம், எண்ணெய், அவள் அம்மாவுக்கு அனுப்பிய வார்த்தை. டம்ளர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை; மற்ற எதையும் குறைக்கவில்லை, பூசி மெழுகவுமில்லை.

டிரைவர், அப்போ டீயில ஒண்ணும் இல்ல என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல அத்தான். டீ மட்டும்தான்."

நாங்கள் திரும்பினோம். கண்டக்டர் வாசல் நிலையில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டையோடு, கையில் அந்த பிளாஸ்க். அக்கா காலையில் அழுதுகொண்டே போன் செய்ததால், வேலை முடிந்ததும் வந்திருக்கிறார். கேட் கத்தாததால் அவர் வந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு நேரமாக நின்று கேட்டாரோ தெரியாது.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் இந்த வீட்டு வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. அன்று காலையில் அத்தானின் கண்ணைப் பார்த்ததுமே சரியில்லை என்று தோன்றி, ஸ்பேர் டிரைவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாராம். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். வேறு வழி தெரியாமல் டீயாவது தெளிய வைக்குமென்று கெட்டியாக ஊற்றிக் கொடுத்திருக்கிறார். இதை அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை.

"கேட்டான்" என்றார் டிரைவர் எங்களிடம். "கேட்டது நிஜம். நான்தான் என் வேலைக்கு உலை வைக்கறான்னு திட்டினேன்." பிறகு மேடத்தைப் பார்த்தார். "அப்போ அந்தப் பேப்பர் கடைக்காரர் காலை ஒடிச்சது நான்தான். வேற யாரும் இல்ல."

மேடம் இல்லை என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"நீங்கதான். வேணும்னு செய்யல, பொய்யும் சொல்லல. டாக்டர் சீட்டுல ஒவ்வொரு வரியையும் கேட்டிருக்கீங்க. ஆனா, மணி எப்படிப் பார்க்கறதுன்னு அவர்கிட்டத் திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எட்டு மணி நேரத்தை இன்னொருத்தர் வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல மாட்டி வச்சிருந்தீங்க. அது அவங்களுக்குத் தெரியாது."

நாளைக்கு இதைச் சொன்னால் ஸ்டியரிங் போய்விடலாம், டிப்போவில் வேறு வேலை கொடுத்தால் அதிர்ஷ்டம் என்று நான் சொன்னேன். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் டீ மேல் விழுந்த சந்தேகம் அப்படியே நிற்கும். டிரைவர் அதை யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மச்சினனைப் பார்த்தார்.

"நாளைக்கு நானே சொல்லிடறேன். நீ கூட வா. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மனுஷனைப் பார்க்கணும்."

கண்டக்டர் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரையும் ஒரே கட்டிலில் பார்க்க அவர் மூன்று நாளாகத் தவித்திருந்தார். இப்போது பார்த்தும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருப்பது அவருக்குத் தெரியும்.

கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது டிரைவர் கையை நீட்டித் தடுத்தார். அவர் நெற்றி சுருங்கியிருந்தது. மனசுக்குள் ஸ்டாப் ஸ்டாப்பாக எண்ணிக்கொண்டு வந்தவர், ஒரு ஸ்டாப் இடிக்கிறதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மேடம், நான் படுத்தது ஒன்பதரை. கேட்டு கத்துனது ஒண்ணே முக்கால். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, படுத்தேன், கொஞ்ச நேரத்துல கேட்டு சத்தம் கேட்டுச்சு. நடுவுல இருந்த அவ்வளவு நேரமும் எங்க போச்சு?"

மேடம் பதில் சொல்லும் முன்பே அந்த அம்மா சொல்லிவிட்டார்.

"தூங்கினீங்க. பதினோரு மணிக்கு நான் வந்து பார்த்தேன். தண்ணியைக் கொட்டினேன், அதுக்குக்கூட எழுந்திருக்கல."

"மாத்திரை இல்லாமலா?"

"மூடியில அப்படியே இருந்திருக்கு. இருட்டுல எனக்குத்தான் தெரியல."

கடிகாரம் இருந்த இடத்துப் பச்சை வட்டத்தை டிரைவர் வெறித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. கண்டக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு மாசமா அதுக்குத்தான் காத்துக்கிட்டுக் கிடந்தேன்" என்றார் டிரைவர். "அன்னைக்குத் தானாவே வந்திருக்கு. நான்தான் எழுந்து மாத்திரை போட்டிருக்கேன்."